கட்டில் மேல் விழுந்த முத்திரை

ஒரே ஓட்டில் அமுதவல்லி முந்துகிறாள் என்று அதிகாரி சொன்னதும் கணவன் பெரியண்ணன் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டான். குன்றாண்டார்கோவில் பள்ளிக்கூட ஹாலில், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். எதிர்த்து நின்றவள் அவளுடைய ஓரகத்தி அழகிதான். இருவரும் மனு கொடுத்த நாளிலிருந்து ஒரே வாசலில் புழங்கியும் பேச்சில்லை. வார்டு மெம்பர் பதவி ஒரு குடும்பத்தையே இரண்டாக வகுந்திருந்தது. அழகி முந்தானையால் முகத்தைப் பொத்தியபடி நின்றாள். அவளுடைய ஏஜென்ட் அப்போதே எழுந்து போய்விட்டான்.

கையெழுத்துப் போடுமுன் அதிகாரி அமுதவல்லியின் ஓட்டுச் சீட்டுக் கட்டை ஒருமுறை விரலால் புரட்டினார். எல்லாவற்றிலும் அவள் சின்னமான பூட்டு சாவி மேல் முத்திரை. நடுவில் ஒரு சீட்டு ஓடியபோது அவள் வலையோடு ஒட்டி உற்றுப் பார்த்தாள். பூட்டு சாவி மேல் இருந்தது மங்கலான தடம். மடித்தபோது ஒட்டிய மை. கருகருவென்று அழுந்திய முத்திரை அழகியின் சின்னமான கட்டில் மேல் இருந்தது.

பெரியண்ணனும் பார்த்துவிட்டான். அவன் விரல்கள் அவள் மணிக்கட்டை நெரித்தன.

"பேசாம இரு," என்றான் உதடு அசையாமல்.

இரண்டு வருஷமாகத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு அலைந்தவள் அவள். யாரோ ஒருவர் வெயிலில் வரிசையில் நின்று, மறைப்புக்குள் போய்க் குத்திய முத்திரை அது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், அந்தச் சீட்டு என்னுது இல்லைங்க. கட்டில் மேல விழுந்திருக்கு, பாருங்க."

சொன்னது தன் வாய்தான் என்பதே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அதிகாரி சீட்டை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு இரு தரப்புக்கும் தெரியும்படி வலையோரம் பிடித்துக் காட்டினார். இங்கிருந்து அங்கு போன ஒரு தாளில், அதே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அழகி ஜெயித்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்டிக் காட்டி எண்ணியும் அதுவே வந்தது.

பெரியண்ணன் அவள் கையை உதறிவிட்டு வெளியே போனான்.

அழகி வலையருகே வந்தாள். சீட்டுக் கட்டை அவள் பார்க்கவில்லை. கன்னத்து ஈரம் காயாமல், வாய் பாதி திறந்தபடி, அமுதவல்லியின் மணிக்கட்டில் சிவந்திருந்த விரல் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.