சாமிசோனியின் கால், சிவாவுலாவின் தட்டு

1

இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. எங்கள் டெட்சா மாவட்டத்தில் களை வெட்டும் வேலைக்கு நாள் கணக்குக் கிடையாது, துண்டுக் கணக்குதான். நிலக்காரரின் ஆள் காலால் எட்டு வைத்து அளந்து விடுவான். பன்னிரண்டு எட்டு நீளம், பன்னிரண்டு எட்டு அகலம், அது ஒரு துண்டு. கூலி ஒரு தட்டு சோளம். யாருடைய எட்டு, எந்தத் தட்டு என்று கேட்டால் முறைப்பார்கள்.

[முதலில் எழுதிய தொடக்கம்: "ஜனவரி மழையில் மலைகள் நீலமாக..." அட, மலையைத் தூக்கிக் குப்பையில் போடு. பசிக்கிற மாதத்தில் மலையை யார் பார்த்தார்கள்?]

2

ஃபிலேசி என் பக்கத்து வீட்டுக்காரி. மூன்று பிள்ளைகள். போன அறுவடைச் சோளம் தீர்ந்துவிட்டது. தன் வயலில் களை மண்டிக் கிடக்க, நிலக்காரர் சிவாவுலாவின் வயலுக்குக் களை வெட்டப் போகிறாள். இன்று ஒரு துண்டை முடித்தால்தான் ராத்திரிக்குக் களி. அளக்கிற சாமிசோனியோ நெட்டைக் கொக்கு.

"அண்ணே, இது எட்டா, இல்ல ஆத்தைத் தாண்டுறியா?"

"என் காலு இவ்வளவுதான்க்கா. வெட்டிக்கவா?"

"ஒங்க மொதலாளி நெலம் வித்தப்ப அளக்க ஒன்னையா கூப்பிட்டாரு? எட்டு கூடட்டும்னு அந்தக் குள்ள லாசனையில்ல கூப்பிட்டாரு!"

[சாமிசோனியை வில்லனாக்கப் பார்த்தேன். மசியவில்லை. அவன் கூலியும் அதே தட்டுதான்.]

3

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: யார் கையிலும் எதையும் கொடுக்கலாம். ஃபிலேசியின் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுத்தேன். துண்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் என்று அளந்து காட்டினாள். சிவாவுலா அசரவேயில்லை.

"மீட்டரா? பேஷ். அப்ப துண்டுக்குப் பதினஞ்சு மீட்டர்."

"பன்னெண்டுதானேய்யா வழக்கம்?"

"அது கால் கணக்கு. இது நாடா கணக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை... [இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.] அளவை மாற்றினால் எண்ணிக்கையை மாற்றுகிறார்! மீட்டர் மட்டும் என்ன, வானத்திலிருந்தா விழுந்தது? யாரோ நாலு பேர் கூடி உட்கார்ந்து 'இவ்வளவு' என்றார்கள். என் கதியும் அதுதான். பத்திரிகைக்காரர் 'ஒரு பக்கக் கதை' கேட்டார். எந்த அளவு எழுத்தில் என்றேன். "இதுகூடத் தெரியாதா சார்?" என்றார்.

ஃபிலேசி என் பக்கம் திரும்பினாள். "நாடாவக் குடுத்து என் துண்டப் பெருசாக்கிட்டியே தம்பி, நல்லா இருப்பியா? எடுத்துட்டுப் போ!"

4

நாடாவைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். பழைய எட்டுக்கே போனோம். பொழுது சாயும்போது துண்டு முடிந்தது. சிவாவுலா மூட்டையில் தட்டை விட்டு அள்ளினார். சோளம் கூம்பாக நின்றது. அதை வழித்துத் தலை தட்ட அவர் உள்ளங்கை மேலே வந்தது. கூம்பு போனால் பிள்ளைகளுக்கு மட்டும் உண்டு, அவளுக்கு இல்லை.

[முடிவு அ: சாமிசோனி அவர் கையைப் பிடிக்கிறான், நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை. முடிவு ஆ: ஃபிலேசி கெஞ்சுகிறாள். யார், அவளா?]

"தலை தட்டாதீங்கய்யா," என்றாள். "காலையில சாமிசோனி கால யாரும் தலை தட்டலையே."

சிவாவுலாவின் பதிலை நான் எழுதினால் அது என் அளவு. எழுத மாட்டேன். அவரை நகர்த்திவிட்டேன். தட்டை நீங்கள் பிடியுங்கள். உங்கள் உள்ளங்கை கூம்புக்கு மேலே இருக்கிறது. துணியை விரித்துக்கொண்டு அவள் உங்கள் கையையே பார்க்கிறாள்.