படியில் விழாத மனிதர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் தானாக உதித்ததல்ல. ஒரு மருத்துவமனை கேட்டு வாங்கியது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் செல்போனில் படிக்கிற மாதிரி ஒரு குட்டிப் பாடக் கதை வேண்டும் என்றார்கள். நடுவில் இரண்டு பொத்தான்கள்: ‘மாத்திரை போடுகிறார்’, ‘மாத்திரையை விடுகிறார்’. முதலாவதை அழுத்தினால் கதாநாயகர் நலமாக இருப்பார். இரண்டாவதை அழுத்தினால் மறுநாளே மாடிப்படியில் உருண்டு விழுவார்.

(உருட்டிவிட்டது நான்தான். கதை என்றால் ஏதாவது ஆக வேண்டுமே.)

2

முதலில் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். அப்பாவின் அக்கா, தனியாக இருக்கிறார், பல வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேச்சைப் பாதி கேட்டு மீதியை ஊகித்தே பழகிய காது.

அவர் முதல் பொத்தானைத் தொடவே இல்லை.

“அதுல என்னடா இருக்கு? சாப்பிட்டார், நல்லா இருந்தார். இதுலதான் ஆள் விழறான்.”

3

இந்த இடத்தில், ‘ஒருநாள் அத்தை சமையலறையில் மயங்கி

வேண்டாம், அடித்துவிட்டேன். நடந்தது அதைவிட மோசம்: ஒன்றும் நடக்கவில்லை.

விட்டால் என்னதான் ஆகும், பார்த்துவிடலாமே என்று அத்தை நிஜ மாத்திரையையே நிறுத்திவிட்டார். மறுநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். விழவில்லை. அதற்கு அடுத்த நாள் பிடிக்காமலே இறங்கினார். சில வாரம் கழித்து வெற்றிச் செய்தி எனக்கு வந்தது.

“உன் கதை சுத்தப் புளுகு. எனக்குத் தலைசுத்தல்கூட இல்ல.”

உடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்; எண்ணைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றார் அத்தை.

“தெரியாதும்மா. அதான் இதுல பயமே,” என்றார் டாக்டர்.

ஊரார் பேச்சையெல்லாம் கேட்ட காதுக்குத் தன் உடம்புக்குள் நடப்பது கேட்கவில்லை. அத்தையின் முகம் சுண்டிப்போய் நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கிவைத்தார்.

4

(அடிக்குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: இந்த நோயில் விபரீதம் வரும்வரை கதை இல்லை. மாத்திரை வேலை செய்தாலும் கதை இல்லை. எழுதுகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?)

படியில் உருட்டுவதை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

‘அவர் மாத்திரை போட்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை.’ உண்மைதான், ஆனால் கொட்டாவி வருகிறது.

‘ரத்தக் குழாய் என்பது

‘அவர் மாத்திரை போட்டுவிட்டுப் படி இறங்கினார். காலியாகக் கிடந்த கீழ்வீட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.’

கடைசியை அத்தைக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

“யாருடா பூட்டினது?”

“காலையில மாத்திரை போட்டதும் ‘போட்டாச்சு’னு அமுக்குங்க. அடுத்த வரி வரும்.”

“போடாமலே அமுக்கினா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் யோசித்தீர்களா?

5

மருத்துவமனையும் சம்மதித்துவிட்டதால் இப்போது தினம் ஒரு வரி. பூட்டைத் திறந்தாயிற்று, உள்ளே யாரோ மேசையை இழுக்கும் சத்தம். யார் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். கதை முடிந்துவிட்டால் அத்தை மறுபடி மாத்திரையோடு விளையாடத் தொடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

காலைதோறும் பொத்தான் அழுந்துகிறது. மாத்திரை தொண்டைக்குள் இறங்கியதா என்பதை மட்டும் அது சொல்வதில்லை. கதாநாயகரை நான் எப்படி வேண்டுமானாலும் காப்பாற்றலாம். அத்தை என் பேனாவுக்கு அடங்கியவர் இல்லை. நேற்று பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

“அத்தை, நிஜமாவே போடறீங்களா?”

மறுமுனையில் பழைய ஆபரேட்டர் சிரித்தார்.

“நாளைக்குச் சொல்றேன்.”