எண்பத்துமூன்று வளையங்கள்

அட்சயாவின் சாதகத்தில் செவ்வாய் ஏழாம் வீட்டில் சட்டமாகக் குந்தியிருக்கிறதாம். எழுப்ப முடியாது, ஒரு பவள மோதிரம் போட்டுச் சமாதானப்படுத்தலாம் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். பவளம் விரலில் ஏறாமல் நிச்சயதார்த்தம் இல்லை என்று ஜனார்த்தனின் தாய் தவமணி ஒரே பிடியாக நின்றாள். அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் டொரொண்டோவின் வோபர்னில், நவரட்ணத்தின் நகைக்கடையில் நின்றார்கள்.

தவமணியைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. முப்பது வருடத்துக்கு முன், கையில் இரண்டு வயதுப் பிள்ளையோடு, ஊரில் போர் நடந்தபோது புருசனை ஷெல்லடியில் பறிகொடுத்தவள். இவளின் செவ்வாய்தான் அவனைத் தின்றது என்று சனம் சொன்னதை அவள் நம்பினாள். சனத்துக்கு வாய் சும்மா இருக்காது.

சாத்திரியாருக்குத் தெரியாத ஒன்று, அட்சயாவின் வேலையே பவளம்தான் என்பது. அத்திலாந்திக்கின் அடியில், வெயில் எட்டிப்பார்க்காத ஆழத்தில், மீன்வலை வாரிக்கொண்டு வரும் பவளத் துண்டுகள் டொரொண்டோவிலுள்ள அவளுடைய ஆய்வுகூடத்துக்குப் பெட்டி பெட்டியாக வரும். அவற்றை மெல்லிசாக வெட்டி, மரத்துக்கு எண்ணுவது போல வளையங்களை எண்ணுவாள். வயதைக் காட்டினால்தான் அந்த இடத்தில் வலையைத் தடை செய்யுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்கலாம். முந்நூறு வருடம் நின்ற ஒன்றை வலை ஒரே இழுவையில் முறித்தது என்று எழுதும் நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

நவரட்ணம் தட்டில் சிவப்புப் பவளமொன்றை எடுத்து வைத்தார். "பாருங்கோ பிள்ளை, அசல் இத்தாலிப் பவளம்."

அட்சயா அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கினாள். கை பழகிய வேலை, வெட்டுமுகத்தைத் திருப்பி எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"எண்பத்திமூண்டு," என்றாள். "இது இத்தாலி இல்லை அங்கிள். ஆழ்கடல் மூங்கில் பவளம். வெள்ளையா இருக்கிறதுக்குச் சிவப்புச் சாயம் போட்டிருக்கு. எண்பத்திமூண்டு வருஷம் வளந்தது."

நவரட்ணத்தின் முகம் கறுத்தது. தனக்குத் தந்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். "அடுத்த கிழமை அசல் எடுத்துத் தாறன் அக்கா."

தவமணிக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியே ஜனா, என்ன கெட்டிக்காரி. இல்லாட்டி எங்கடை தலையிலை கட்டியிருப்பினம்."

ஜனார்த்தன் அட்சயாவின் காதுக்குள் குனிந்தான். "ஏன் வாயைத் திறந்தனி? உந்தக் கல்லையே போட்டிருக்கலாம், அம்மாக்கு எங்கை தெரியப்போகுது? ஜஸ்ட் ஒரு ரிங்."

நாலு வருடமாக அவனை விரும்புகிறவள். அவனை இழக்க அவளுக்குச் சத்தியமாக மனமில்லை. ஆனாலும் அந்த 'ஜஸ்ட்' அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாயம்தான் பொய், ஜனா. எண்பத்திமூண்டு வருஷம் பொய்யில்லை," என்று உரக்கவே சொன்னாள். பிறகு தவமணியிடம் திரும்பினாள். "மாமி, அசலும் வேண்டாம், கள்ளமும் வேண்டாம். பவளத்தை முறிக்காதேங்கோ எண்டு கிழமை முழுக்க எழுதிக் குடுத்துப்போட்டு, அதையே விரலிலை போட்டுக்கொண்டு நிக்க எனக்கு வெக்கம். நிச்சயதார்த்தம் இல்லையெண்டா இல்லை. இப்பவே சொல்லிப்போடுங்கோ."

"அப்ப என்ரை பிள்ளைக்கு ஏதும் நடந்தா?" தவமணியின் குரல் உடைந்தது. "நான் அப்ப ஒரு பவளம் போட்டிருந்தா அந்த மனிசன் இண்டைக்கு இருந்திருக்கும்."

அட்சயா அவளின் கையைப் பிடித்தாள். ஆனால் பின்வாங்கவில்லை.

"மாமா செத்தது ஷெல்லாலை, மாமி. உங்களாலை இல்லை."

தவமணி அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டாள். முப்பது வருடத்தில் அதை அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. ஜனார்த்தன் தாயின் பக்கத்தில் போய் நின்றான்.

எந்த நாள் வருவீர்கள் என்று நவரட்ணம் மெதுவாகக் கேட்டார்.

"இனி வரமாட்டம்," என்றாள் தவமணி, கண்ணைத் துடைக்காமலே. "நிச்சயதார்த்தத்துக்குப் பவளம் வேண்டாம். தட்டை உள்ளை எடுத்து வையுங்கோ அண்ணை."