இரண்டாவது பொத்தான்

சர்க்கஸ் மேனேஜர் தரையில் சாக்பீஸால் நாற்பதடிக் கோடு போட்டார். இரு பக்கமும் ஒரு சாண் தள்ளிக் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்தார்கள். அந்த முனையில் அவள், ஒற்றைச் சக்கர சைக்கிளோடு. இந்த முனையில், வழக்கம்போல, அவள் புருஷன்.

இந்தச் சைக்கிளுக்கு ஹாண்டில்பார் கிடையாது. கண் பார்க்கிற பக்கம் தோள் திரும்பும், தோள் போன பக்கம் இடுப்பு, இடுப்பு போன பக்கம் சக்கரம். பாரத்தைப் பெடலில் போட்டால் பாம்பாக நெளியும். சீட்டில் போட்டுவிட்டுக் காலைச் சும்மா சுற்றவிட வேண்டும். கீழே பார்க்கவே கூடாது. எட்டத்தில் ஒரு புள்ளி வேண்டும். சுவரில் எதையெதையோ ஒட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தான்தான் அவளுக்குச் சரிப்பட்டது. ஆறு வருஷமாக அவன் வேலை அதுதான்: அசையாமல் நிற்பது.

இன்றைய சோதனையில் தேறினால் இந்த சர்க்கஸோடு இரண்டு வருஷம் வெளியூர் ஆட்டம். "அவங்களுக்கு மட்டும்தான் இடம்" என்று மேனேஜர் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டார். "நீங்க நிக்கிற இடத்துல ஒரு விளக்கு வச்சுக்கறோம்."

"விளக்குக்குச் சோறு போட வேண்டாம்ணே" என்றான் பக்கத்தில் பந்துகளை வீசிப் பிடித்துக்கொண்டிருந்த வித்தைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது ஏறினாள். பத்தடி, இருபதடி, நூல் பிடித்த மாதிரி வந்தாள். இவ்வளவு வழவழப்பாக அவள் ஓட்டி அவன் பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையோடுதான் இடது பக்கம் ஓரடி நகர்ந்தான். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

பொத்தான் போன பக்கம் கண் போனது. பிறகு தோள். பிறகு இடுப்பு. தம்ளர்கள் நொறுங்கின.

அவள் முழங்காலில் ஏறிய கண்ணாடிச் சில்லை அவனே குனிந்து பிடுங்கினான்.

"நகந்தீங்களா?" என்றாள் மெதுவாக.

"நான் ஏன் நகரப் போறேன்? உன் கண்ணுதான் அலையுது. பெரிய இடம்னதும் பயம் வந்துடுச்சு."

அவள் யோசித்தாள். "ஆமா. பயம்தான்."

"இன்னும் ஒரே தடவை" என்றார் மேனேஜர். "இப்பவே விளக்க வச்சுடவா?"

"வேண்டாம் சார். அவரே நிக்கட்டும். அவர் நின்னாத்தான் எனக்கு நேரா வரும்."

நொறுங்கிய இடத்தில் புதுத் தம்ளர்கள் வைத்தார்கள். அவள் ஏறினாள். பெடல் சுற்றச் சுற்ற, கோட்டை ஒட்டி ஒவ்வொரு சொட்டாக இரத்தம் விழுந்தது, அளந்து வைத்த மாதிரி. அவன் சட்டையை இழுத்துவிட்டு, பொத்தான் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து நின்றான். இடது குதிகால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது.