பாதியில் செலுத்திய நேர்ச்சை

நொர்பெர்த்து வீட்டுச் சமையலறையும் என் வீட்டுச் சமையலறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருப்பது என் குற்றமல்ல, வீட்டைக் கட்டினவன் குற்றம். பாத்திரம் கழுவ நின்றால் அவர்கள் சாப்பாட்டு மேஜை தெரியும். கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்?

அந்த மேஜையில் சில வருடங்களாக இரண்டு பேர்தான். மாடு கறந்தே இடுப்பெலும்பு தேய்ந்துபோன நொர்பெர்த்து ஒருவர். அவருடைய ஒரே மகள் சுல்மீரா மற்றவள். அவள் அம்மா லூசீலியா பக்கவாதத்தில் விழுந்து, கடைசி மாதங்களில் ஒரு வார்த்தை பேச முடியாமலே போய்ச் சேர்ந்தாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் பங்கையும் சேர்த்து நானே பேசிவிட்டு வருவேன். சுல்மீராவுக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற உரிமையில் அவள் விஷயம் எதையும் கேட்கலாம் என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு.

எங்கள் ஊரில் மாடுகள் அதிகம், மனிதர்கள் குறைவு. மனிதர்களில் பாதிப் பேர் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பால் கறக்க வந்தவர்களின் வாரிசுகள். மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். பக்கத்து ஊரில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் உண்டு. பள்ளி முடித்து வேறு வழி தெரியாதவர்கள் போகிற இடம் என்று அதற்கு ஒரு பெயர். சுல்மீரா அங்கே சேர்ந்தபோது, பால் லாரி ஓட்டும் ஜனுவாரியு கோயில் வாசலில் வைத்தே ஆரம்பித்தான்.

"என்ன சுல்மீரா, மறுபடியும் ஸ்கூல்தானாமே, சிகரெட் பிடிக்க மட்டும் அனுமதி குடுக்கிற ஸ்கூல்?"

"ஆமா மாமா. உங்க ரெனாத்துவும் என் கிளாஸ்தான். அவனுக்குத் தீப்பெட்டி வாங்கிக் குடுத்தாச்சா?"

ஜனுவாரியு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். மகன் சேர்ந்த விஷயம் ஊருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான், பாவம். எனக்கு முந்தின வாரமே தெரியும்.

அவள் திட்டத்தை என்னிடம் சொன்னது, என் வீட்டில் உட்கார்ந்து மொச்சை உரிக்கும்போது. முதல் இரண்டு வருடம் இங்கே, வீட்டுச் சாப்பாட்டில். பிறகு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீதி இரண்டு வருடத்தை அங்கே முடிப்பது. அது கடற்கரைப் பக்கம், காலையில் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரும் தூரம். நோய் வந்து பேச்சுப் போனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுக்கும் படிப்பு அங்கேதான் இருந்தது.

"இது ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"காலேஜ்னு தெரியும்."

"பாதி காலேஜ்தான்னு?"

"மெதுவா சொல்லிக்கலாம் ஞானம்மா. இப்பவே சொன்னா இன்னிக்கே நான் ஊரை விட்டுப் போன மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்."

அவள் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவர் அவசரமாக நேர்ச்சை வைத்துவிட்டார். அந்த வருடப் பரிசுத்த ஆவித் திருவிழாவில், பீடத்தில் வைக்கும் வெள்ளிக் கிரீடத்தின் முன்னால் தேய்ந்த இடுப்போடு முழங்காலிட்டு, "என் மகள் காலேஜ் முடித்தால் ஊருக்கே சோப்பாஸ் போடுகிறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். மாட்டிறைச்சியைப் புதினாவும் பட்டையும் போட்டு ராத்திரி முழுக்கக் கொதிக்கவைத்து ரொட்டித் துண்டுகள் மேல் ஊற்றுவோமே, அந்தச் சோப்பாஸ்.

எங்களுக்கு நேர்ச்சை விளையாட்டல்ல. காரியம் நடந்த பிறகுதான் செலுத்துவோம். செலுத்தி, ஊர் சாப்பிட்டு வாயைத் துடைத்துவிட்டால் அந்தக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். "இன்னும் முடியலையே" என்று அப்புறம் யாராவது சொன்னால், செலுத்தினவர் கிரீடத்தின் முன்னால் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அப்படிப் பெயரெடுத்த ஒரு குடும்பத்தை ஊர் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. எந்தக் குடும்பம் என்று சொல்ல மாட்டேன். பேக்கரிக்கு எதிர்வீடு.

இரண்டு வருடம் ஓடிற்று. காலையில் வகுப்பு, பிற்பகலில் தீவனக் கடைக் கல்லாவில் வேலை, இரவில் அப்பாவுக்குச் சமையல். லூசீலியாவின் பழைய காரை ஓட்டிக்கொண்டு அவள் போய்வந்த சத்தத்தை வைத்தே நான் அடுப்பை ஏற்றுவேன், இறக்குவேன். கடைசி வருடம் ஏப்ரலில் ஒருநாள் கார் வந்து நின்றது, கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாள் இல்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடியை இறக்கினாள். அழுத முகம், ஆனால் சிரிப்பு.

"எடுத்துக்கிட்டாங்க ஞானம்மா. யூனிவர்சிட்டில என்னை எடுத்துக்கிட்டாங்க."

"அடி ஆத்தாடி! எப்ப போணும்?"

"ஆகஸ்டுல. ஜூன் மாசம் பொறக்கறதுக்குள்ள வர்றேன்னு சொல்லிடணும். இல்லாட்டி இடம் போயிடும்." என் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட நானே சொல்றேன். பட்டமளிப்பு முடியட்டும். நீங்க வாயைத் திறந்துடாதீங்க. உங்க தங்கச்சிகிட்டகூட."

நான் திறக்கவில்லை. தங்கச்சியோடு பத்து நாள் வெறும் வானிலையைப் பற்றிப் பேசினேன். அவள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தாள்.

மே மாதம் கம்யூனிட்டி காலேஜில் பட்டமளிப்பு. நீல அங்கியில் சுல்மீரா மேடையேறியபோது நொர்பெர்த்து எழுந்து நின்று, மாட்டைக் கூப்பிடும் குரலில் அவள் பெயரைக் கத்தினார். மறுநாள் ஞாயிறு, எங்கள் அசோர்ஸ்காரர் சங்க மண்டபத்தில் சோப்பாஸ். நேர்ச்சையை இவ்வளவு சீக்கிரம் செலுத்துவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஊரே வந்தது. பேக்கரிக்கு எதிர்வீடுகூட வந்தது.

பாதிரியார் செபம் சொல்லி, எல்லாரும் ஒரு சுற்றுச் சாப்பிட்ட பிறகு நொர்பெர்த்து மைக்கைப் பிடித்தார்.

"எம் பொண்ணு காலேஜை முடிச்சுட்டா. நான் நேர்ந்துகிட்டதை இன்னிக்குச் செலுத்திட்டேன். அவ அம்மா இருந்து பாத்திருக்கணும்." மைக்கை மறு கைக்கு மாற்றினார். "இன்னொண்ணு. பால் கூட்டுறவு ஆபீஸ்ல அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை வர்றதுதான் பாக்கி."

கூட்டுறவு மேனேஜர் எழுந்து கையசைத்தான். மண்டபம் கை தட்டியது. கிழவிகள் ஒவ்வொருத்தியாக வந்து சுல்மீராவின் கன்னத்தில் முத்தமிட்டு, "ஊரோட இருக்கப் போற, நல்ல பொண்ணு" என்றார்கள். அவள் கேக் வெட்டும் கத்தியோடு நின்றாள். இப்போது சொல்லுவாள், இதோ சொல்லுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ரொம்ப நன்றி" என்றாள். கேக்கை வெட்டினாள்.

மறுநாள் காலை அவர் மருந்துக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் புகுந்தேன்.

"ஏன்டி வாயில கொழுக்கட்டையா? சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது ஞானம்மா? முடிஞ்சுதுன்னு நெனச்சுச் செலுத்திட்டார். பாவம், அவருக்குக் காலேஜ்னா ஒண்ணுதான். இதுல பாதி, முழுசெல்லாம் தெரியாது. இப்ப நான் போய் இன்னும் முடியலைன்னு சொன்னா, ஊரு அவரை என்னன்னு கூப்பிடும்?"

"ஊரு கெடக்குது. ஊருன்னா யாரு, நான்தானே!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆபீஸுக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். மே மாதம் முடிந்தது. அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஜனுவாரியுவின் மகன் ரெனாத்து அதே பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினான். சிகரெட் ஸ்கூல் என்று சிரித்த அப்பன், மெத்தையை வண்டிமேல் கட்டிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தது சுல்மீரா. வண்டி திரும்பி மறைந்ததும், "மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியப் போகுது" என்று ஆபீஸுக்கு ஓடினாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நொர்பெர்த்துவைப் பிடித்தேன்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியாது, நொர்பெர்த்து. உம் பொண்ணுக்கும் அங்க இடம் கெடச்சிருந்தது."

அவர் நிமிரவில்லை. குழாயைக்கூட மூடவில்லை.

"தெரியும், தெயோலிந்தா."

"என்ன தெரியும்?"

"ஏப்ரல்லயே தெரியும். ஜனுவாரியு முடிவெட்டிக்கிற எடத்துல சொன்னான், அவனுக்கு ரெனாத்து சொல்லியிருக்கான். நம்ம ரெண்டு புள்ளைங்களும் ஒரே யூனிவர்சிட்டிக்குப் போகுதுன்னு எங்கையைப் பிடிச்சுக் குலுக்கினான்."

தங்கச்சியோடு வானிலை பேசிய பத்து நாளும் வீண்.

"தெரிஞ்சேவா சோப்பாஸ் போட்ட? கிரீடத்துக்கு முன்னாலயா?"

"லூசீலியா போனப்புறம் இந்த வீட்டுல ஒரு பேச்சுச் சத்தம்னா அவதான்." தக்காளிக்குப் போதும் என்கிற அளவுக்கு மேலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "சண்டை போடுவான்னு நெனச்சேன், தெயோலிந்தா. எகிறிக் குதிப்பா, நானும் ரெண்டு நாள் முறுக்கிக்கிட்டு அப்புறம் விட்டுரலாம்னு இருந்தேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ஆபீஸுக்குப் போறா, வர்றா, சமைக்கிறா. சாப்பிடும்போது உப்புப் போதுமான்னு கேக்கறா. அவ்வளவுதான் பேச்சு."

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, சுல்மீரா ஆபீஸுக்குப் போனதும், என் கதவைத் தட்டினார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை. "வண்டியை நீ ஓட்டு. என் இடுப்பு அவ்வளவு தூரம் தாங்காது" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் வண்டியை நிறுத்த இடம் கண்டுபிடிப்பதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சக்கரம் வைத்த பலகையில் வழுக்கிக்கொண்டு போனார்கள். கோட்டுப் போட்ட கிழவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சேர்க்கை அலுவலகத்தில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நொர்பெர்த்து பால் சோதிக்க வரும் அதிகாரியிடம் பேசும் குரலில் பேசினார்.

"எம் பொண்ணுக்கு இங்க இடம் குடுத்திருந்தீங்கம்மா. பேரு சுல்மீரா."

"அவங்களே வந்து பேசணும் சார். அவங்க விவரத்தை வேற யார்கிட்டயும் நாங்க பேசக் கூடாது."

"நான் அவ அப்பா."

"அப்பாவா இருந்தாலும், சார்."

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "சரி, எம் பொண்ணு வேணாம். யாரோ ஒரு பொண்ணுன்னு வெச்சுக்கங்க. இடம் கெடச்சும் வரலை. அவமேல தப்பில்ல. அந்த இடம் இன்னும் இருக்குமா?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "இருக்காது சார். வேற யாருக்காவது போயிருக்கும். அந்தப் பொண்ணு மறுபடி முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும்."

"குடுத்துருவீங்கல்ல?"

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் எங்கள் முன்னால் ஓடையாகப் போனார்கள். அத்தனை பேரையும் பார்த்தார். ஊரில் யாரைப் பார்த்தாலும் இது இன்னார் பேரன் என்று சொல்கிற மனிதர், அங்கே சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தார்.

திரும்பும் வழியில்தான் பேசினார். "செலுத்தின நேர்ச்சையை என்ன சொல்லித் திரும்பி எடுப்பேன்?"

"பொய்னு சொல்லு. அவகிட்ட நீ சொல்லு, ஊருகிட்ட நான் சொல்றேன். எனக்கென்ன வேற வேலை?"

சிரிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது சுல்மீரா வேலை விட்டு வந்திருந்தாள். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என்னையும் உட்காரச் சொன்னாள்.

"காலைலேர்ந்து ரெண்டு பேரும் எங்க போயிட்டீங்க?"

"ஒரு பழைய டிராக்டர் வெலைக்கு வந்ததுன்னாங்க. பாக்கப் போனோம்" என்றார் நொர்பெர்த்து.

மாடில்லாத, நிலமில்லாத மனிதருக்கு டிராக்டர்! நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு குனிந்துகொண்டேன். சுல்மீரா கரண்டியோடு திரும்பி, அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அம்மா அடக்கத்துக்கு வாங்கின கோட்டு அது. டிராக்டர் பாக்கவா அதைப் போட்டுட்டுப் போனீங்க?"

அவர் டையைத் தளர்த்தப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. அவள் வந்து குனிந்து அவிழ்த்துவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகம் இருந்ததால்தானோ என்னவோ, அவருக்கு வந்துவிட்டது.

"இடம் போயிடுச்சும்மா. கேட்டுப் பாத்துட்டேன்." பிறகு, "எனக்கு ஏப்ரல்லயே தெரியும்" என்றார்.

அவள் கை கழுத்துப் பட்டையிலேயே நின்றது.

"விருந்துக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. நான் எழுந்து அணைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தானப்பா நான் சும்மா இருந்தேன்" என்றாள் சுல்மீரா.

சத்தமில்லை, கோபமில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அவருக்கும்தான். டையைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். கோட்டைக் கழற்றி வாங்கி நாற்காலி முதுகில் போட்டாள். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சூப்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள், எனக்கும் வைத்தாள். அவர் கரண்டியை எடுக்கும்வரை நின்றிருந்தாள்.

உப்புப் போதுமா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.