ஒரு சாக்குத் தூக்கம்

“அத்தா, உங்க தூக்கம் ஏன் அந்த லாரியில கொறட்ட விடுது?” என்று தொப்பூர் புரோட்டாக் கடை முனாபின் மகள் ஹீனா ஒருநாள் காலையில் கேட்டாள். பள்ளி வேனுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரைவர் தர்மனின் லாரிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நீளமாக இரண்டு இழுப்பு, முடிவில் ஒரு விசில். அத்தாவின் குறட்டையேதான். அத்தாவோ கடையில் கண் சிவக்க மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. போன மாதம் மூணு சீட்டு ஆட்டத்தில் அவர் அதைத் தோற்றிருந்தார். அது ஊருக்கே தெரியும்.

கணவாயில் வண்டி ஏதாவது கவிழ்ந்தால் சாலை அரை நாள் அடைபடும். அந்த நேரத்தில் டிரைவர்கள் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சீட்டு ஆடுவார்கள். பணம் வைத்தால் போலீஸ் வருகிறது என்று யாரோ ஒருவர் தன் தூக்கத்தை எடுத்து வைத்தார். அதைத் தடுக்கச் சட்டத்தில் எதுவும் இல்லாததால் வழக்கம் நிலைத்துவிட்டது. ஓர் இரவுத் தூக்கம் ஒரு பிடி இலவம்பஞ்சு அளவு இருக்கும். தோற்றவர் ஒரு கொட்டாவி விட்டு எழுந்து போவார். ஜெயித்தவர் அள்ளிக்கொள்வார். தர்மன் தான் ஜெயித்ததையெல்லாம் ஒரு கோணிச் சாக்கில் அடைத்து லாரி கேபினில் வைத்திருந்தார். சாக்கு பலவிதக் குரல்களில் பகலெல்லாம் குறட்டை விட்டது.

தர்மன் எப்போதும் அப்படிப்பட்டவர் அல்ல. ஹீனா பிறந்தபோது, தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு திரும்ப பஸ் கிடைக்காமல் முனாபும் மனைவி ஷகிலாவும் மழையில் நின்றார்கள். தர்மன்தான் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கணவாய் இறக்கம் முழுவதையும் சின்ன கியரிலேயே, பின்னால் ஹாரன் அடித்தவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார். பிரசவத்துக்குப் பிறகு ஷகிலா முதன்முதலாகக் கண் அசந்தது அந்த வண்டியில்தான். சில வருடங்கள் கழித்து அதே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், தர்மனின் கிளீனர் பூவரசன் இறந்தான். அதற்குப் பிறகுதான் தர்மன் சீட்டைத் தொட்டார்.

அவர் தன் சீட்டைப் பார்க்கவே மாட்டார். பார்க்காமல் ஆடுபவர் வைப்பதைப் போல இரண்டு மடங்கு, பார்த்து ஆடுபவர் வைக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. தர்மன் எடுத்த எடுப்பிலேயே ஒரு வாரத் தூக்கத்தை வைப்பார். அடுத்த சுற்றில் ஒரு மாதம். கையில் நல்ல சீட்டு வைத்திருந்தவர்கள்கூட நடுங்கிப்போய்க் கவிழ்த்துவிட்டு, அதுவரை வைத்ததை இழந்தார்கள். விட்டதைப் பிடிக்க மறுபடி வந்தார்கள். அந்த வருடம் தொப்பூரில் ஆண்கள் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார்கள். பூட்டிய கடையைப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்த்தார்கள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு டீ கேட்டார்கள். நாய்கள்கூட அவர்களைப் பின்தொடர்ந்து அலுத்துவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை முனாப் சூடான புரோட்டாக் கல்லின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, சுடுவது தெரியாமல் நின்றார். ஷகிலா இழுத்துக் கையைத் தண்ணீரில் அமுக்கினாள். “சுட்டுச்சா?” என்று அவர் அவளையே கேட்டார். இன்னும் சில நாள் இப்படியே போனால் மனிதர் சாலையில் லாரி வருவது தெரியாமல் இறங்கிவிடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. பள்ளிவாசல் இமாமிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். “தூக்கம் அல்லா குடுத்தது. அத வெச்சு ஆடுறது நம்ம வேலையில்லம்மா. பறிபோனத மட்டும் மீட்டுக்கிட்டு வா. அடுத்தவங்களுது ஒரு பிடிகூட வூட்டுக்குள்ள வரக்கூடாது” என்றார்.

மறுநாள் மத்தியானம் ஷகிலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தர்மனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கொட்டகை நிறைந்தது. டீ கொடுக்க வந்து போன வருடங்களில் அவள் இந்த ஆட்டத்தை நிறையப் பார்த்திருந்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயம்: பார்க்காத சீட்டுக்குத் தனியாக ஒரு பலமும் கிடையாது. தர்மன் சீட்டால் ஜெயிக்கவில்லை, எதிரில் இருப்பவரின் பயத்தால் ஜெயிக்கிறார். ஆகவே சின்னச் சீட்டு வந்தபோதெல்லாம் அவள் ஆரம்பப் பந்தயமான ஒரு கோழித்தூக்கத்தை விட்டுக்கொடுத்துக் கவிழ்த்தாள். திரும்பத் திரும்பக் கவிழ்த்தாள்.

“என்னங்க பாயம்மா, சீட்டு சுடுதா? கல்லுல கைய வெச்சாப்பல கீழ போட்டுட்டே இருக்கீங்க” என்றார் தர்மன். கொட்டகை சிரித்தது.

“வேகாததை எலையில வைக்க மாட்டேனுங்கண்ணா” என்றாள் ஷகிலா.

கடைசியில் அவளுக்கு ஒன்பது ஜோடி வந்தது. பெரிய சீட்டு அல்ல. ஆனால் பார்க்காமல் ஆடுபவரிடம் பெரும்பாலும் அதுகூட இருக்காது. தர்மன் ஒரு வாரம் வைத்தார். அவள் இரண்டு வாரம் வைத்தாள். அவர் ஒரு மாதம் வைத்தார்; அவள் இரண்டு மாதம் வைத்தாள். தானாக ஏற்றவுமில்லை, பயந்து கவிழ்க்கவுமில்லை, வந்ததற்கு ஈடு கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்காரர்கள் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தார்கள்: தர்மன் தன் சீட்டை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு கேபினுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்து நடுவில் போட்டார்.

“எல்லாத்தையும் வெச்சுட்டேன், என்னுதும் உள்ளதான் கெடக்குது. நீங்க உங்க ஆயுசுத் தூக்கத்தை வெய்ங்க. பாப்பா தூக்கத்தையும் சேத்து வெய்ங்க. இல்லன்னா எந்திரிச்சுப் போய் யாவாரத்தைப் பாருங்க.”

“போயிருங்கக்கா” என்று பின்னாலிருந்து டிரைவர் மாதேஷ் கெஞ்சினான். அவனும் தூங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது.

சாக்குக்குள் முனாபின் விசில் கேட்டது. ஷகிலா யோசித்தாள். நல்ல சீட்டு வந்தவர் எதிராளியை ஓட விடமாட்டார். பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகத்தான் கறப்பார். இவர் விரட்டுகிறார். “எம்பொண்ணோடது எங்கிட்ட வெக்கிறதுக்கு இல்லைங்கண்ணா. என்னுது முழுசா இருக்குது. காட்டுங்க” என்றாள். தர்மனிடம் ராஜா, ஏழு, மூன்று இருந்தன. ஒன்பது ஜோடிக்கு அது காணாது. யாரும் கை தட்டவில்லை. தூக்கமில்லாதவர்களுக்குச் சந்தோஷம் மெதுவாகத்தான் வரும்.

அன்று சாயங்காலம் அவள் சாக்கைக் கொட்டகையிலேயே அவிழ்த்தாள். ஒவ்வொருவராக வந்து அவரவர் குறட்டையைக் காது கொடுத்துக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். மாதேஷ் வாங்கிய இடத்திலேயே சரிந்தான். முனாப் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். சாக்கின் அடியில் ஒரே ஒரு பிடி மிஞ்சியது. அது கறுத்து, திப்பி திப்பியாக இருந்தது. குறட்டை விடவில்லை. “பூவரசா, குதிச்சுருடா, பூவரசா” என்று அடிக்குரலில் முனகியது. லாரிப் படியில் உட்கார்ந்திருந்த தர்மன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தன் தூக்கத்துக்குள் போகப் பயந்துதான் அடுத்தவர்களின் தூக்கத்தை அவர் அப்படி அள்ளினார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அப்படியே திருப்பிக் கொடுப்பது தண்டனை. கொடுக்காமல் வைத்துக்கொள்வது இமாம் சொன்னதை மீறுவது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்குள் கொண்டு போகாமல் வேலியில் கட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். தர்மன் குளிக்கப் போயிருந்தார். ஷகிலா ஊசி நூலோடு லாரியில் ஏறி, கேபினில் கிடந்த தலையணையைப் பிரித்தாள். ஒரு கொட்டாவி விட்டு, ஹீனா பிறந்தபோது இதே வண்டியில் இதே இறக்கத்தில் தான் தூங்கிய தூக்கத்தைத் தன்னிலிருந்து எடுத்தாள். அது வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு இருந்தது. கறுத்த பிடியை அதன் நடுவில் பொதிந்து, தலையணைக்குள் வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு இறங்கினாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் பார்க்கவில்லை.

தர்மனின் லாரி அதற்குப் பிறகு சில நாள் அதே இடத்தில் நின்றது. உள்ளேயிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் மூச்சும் ஒரு பெரிய மனிதரின் மூச்சும் சேர்ந்து கேட்டன. வேனுக்கு நின்ற பிள்ளைகள் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார்கள். ஷகிலாவுக்கோ அந்த மழைநாள் பயணம் இப்போது முழுவதும் விழிப்பாகவே நினைவிருக்கிறது: ஒவ்வொரு வளைவும், பின்னால் அடித்த ஹாரன்களும், குழந்தை அசையும்போதெல்லாம் கியரிலிருந்து கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்த தர்மனின் முகமும்.