பாலத்துக்கு எதிராக ஒரு வாக்கு

டாஸ்மேனியாவில் ஜோசையா பென்னஃபாதருக்கு இரண்டாயிரம் ஆடுகள், ஆற்றையொட்டி நீண்ட மேய்ச்சல் நிலம், ஹோபார்ட் சட்டமன்றத்தில் ஓர் இருக்கை. எல்லாவற்றுக்கும் மேல், நேர்மையானவர் என்ற பேர். அந்தப் பேரின் மேல் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை.

ஆற்றை வண்டியோடு இறங்கித்தான் கடக்க வேண்டும். அக்கரைக்காரர்கள் வருடக்கணக்காகக் கெஞ்சி, அந்த அக்டோபரில் ஒரு மரப்பாலத்துக்கான மசோதா மன்றத்துக்கு வந்தது. எதிர்வரிசை உறுப்பினர் கிரிம்ஷா எழுந்தார்.

“பாலம் போய் முடியுற இடத்துல யாரோட பண்ணை இருக்கு? பென்னஃபாதரோடது! அவர் ஆட்டுக்குக் கால் நனையக் கூடாதுன்னு ஊரே வரி கட்டணுமா?”

மன்றமே சிரித்தது. பென்னஃபாதருக்குக் காது மடல்வரை சூடேறியது. வாக்கெடுப்பில் பாலம் வேண்டாமென்று கை தூக்கினார். ஒரே ஒரு வாக்கில் மசோதா தோற்றது.

அதைக் கேட்ட மனைவி ஹாரியட், ரொட்டியை அறுப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “ரொம்ப நல்லவர்னு பேர் வாங்கியாச்சு. நான்தான் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆத்துல இறங்கணும்.”

“அடுத்த வருஷம் வேற யாராவது கொண்டு வரட்டும், ஹாரியட்.”

“அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி ஆத்துக்கிட்டயும் சொல்லிடுங்க.”

அடுத்த ஆகஸ்டில் மழை விடாமல் பெய்தது. பென்னஃபாதர் ஹோபார்ட்டில் இருந்தார். மேய்ப்பனின் மனைவிக்குப் பிரசவ வலி என்று அக்கரையிலிருந்து ஓர் ஆள் கூவினான். உதவிக்குப் போக, ஹாரியட் பண்ணைக் கண்காணி கிரேக்கை வண்டி பூட்டச் சொன்னாள். நட்டாற்றில் குதிரை இடறி வண்டி கவிழ்ந்தது. கிரேக் மட்டும் கரையேறினான். ஹாரியட்டின் உடலை இரண்டு நாள் கழித்து, நாலு மைல் தள்ளி எடுத்தார்கள்.

“அம்மா கையைப் பிடிச்சேன் ஐயா,” என்று கிரேக் அழுதான். “கையுறைதான் என் கையோட வந்துச்சு.”

அவள் வண்டி ஏறுவதற்கு முன்பே அக்கரையில் குழந்தை சுகமாகப் பிறந்துவிட்டிருந்தது.

அடக்கத்துக்குக் கிரிம்ஷாவும் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “மறுபடியும் மசோதாவைக் கொண்டு வாங்க. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க” என்றார்.

பென்னஃபாதர் கொண்டு வந்தார். முதல் வரியோடு நிறுத்திக் காகிதத்தை நீட்டினார். யாரோ அதை வாங்கிப் படித்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எவரும் சிரிக்கவில்லை. அன்றே பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

பதினாறு வயது மகள் லூயிசா அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, அன்னைக்கு நீங்க பாலம் வேணும்னு கை தூக்கியிருந்தா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

“கோடைக்குள்ள பாலம் முடிஞ்சிருக்கும்மா.”

அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். வசந்தத்தில் லான்செஸ்டனில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு கடிதம் எழுதினாள்: அங்கே மழை, சித்திக்கு இருமல், நல்ல ஆப்பிள் கிடைக்கிறது. வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அவரும் வரச்சொல்லி எழுதவில்லை. அவளிடம் அதைக் கேட்கத் தனக்கு முகமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.